எது சுழற்றுகிறது?

1870-களில் வில்லியம் க்ரூக்ஸ் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் சின்னக் காற்றாடி ஒன்றை ஊசிமுனையில் நிறுத்தினார். அதன் இலைகளுக்கு ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் வெளுப்பு. காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்தபின் குமிழை மூடினார். வெளிச்சம் பட்டதும் காற்றாடி சுழன்றது. ஒளி தள்ளுகிறது என்று முதலில் அவர் எண்ணினார்.

ஒளி தள்ளுவதானால், அதைத் திருப்பியனுப்பும் வெளுப்புப் பக்கம்தான் அதிக உந்தல் பெறவேண்டும். பின்வாங்கியதோ கறுப்பு. 1876-ல் ஆர்தர் ஷுஸ்டர் குமிழையே தொங்கவிட்டுப் பார்த்தார். காற்றாடி ஒரு பக்கம் திரும்ப, குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பியது. விசை, உள்ளே மிச்சமிருந்த காற்றினுடையது. அதையும் நன்றாக நீக்கிவிட்டால் காற்றாடி நின்றுவிடும்.

சுழற்சி நிஜம், சொன்ன காரணம் பொய். நம் விமர்சனத்தில் இது அன்றாடம் நடப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு கவிதை நம்மை அசைக்கிறது. உடனே தரிசனம், தத்துவம் என்று ஏதோ ஓர் ஒளியின் பேரில் பற்று எழுதிவிடுகிறோம். அசைத்தது நமக்குள் ஏற்கனவே இருந்த சூடான காற்றாக இருக்கலாம். எந்தப் பக்கம் பின்வாங்கியது என்று பார்ப்பவர் குறைவு.

ஒளிக்குத் திருப்பும் சக்தியே இல்லை என்பதல்ல என் கட்சி. 1936-ல் ரிச்சர்ட் பெத், குவார்ட்ஸ் இழையில் தொங்கிய தகட்டின் வழியே, திருகிக்கொண்டு செல்லும் அலையாக ஒளியைச் செலுத்தி, தகடு திரும்புவதை அளந்தார். மிகச் சொற்பம், ஆனால் ஒளியினுடையது. 2018-ல் அமெரிக்காவின் பர்டூவிலும் சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கிலும் ஒரு சிலிக்காத் துகளை லேசரில் மிதக்கவிட்டு, நொடிக்கு 100 கோடிச் சுற்றுக்கும் மேல் சுழற்றினார்கள். ஊசியும் இல்லை, இழையும் இல்லை. காற்று இங்கே உதவுவதில்லை, தடுக்கிறது. வெற்றிடம் கூடக்கூட வேகம் கூடும்.

எதையும் தொடாமல் சுழலும் துகள் மிக நுண்ணிய திருகலையும் உணரும். அசைவை அறியவும் வழி காணவும் இதைக் கருவியாக்கலாம் என்ற எண்ணம் அதில் பிறப்பது. 1852-ல் ஃபூக்கோ கைரோஸ்கோப்பைக் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டினார்: சுழலும் சக்கரம் தன் அச்சை விடவில்லை, திரும்பியது பூமி. கரையும் நட்சத்திரமும் தெரியாத கப்பலுக்கு உதவியது இந்தப் பிடிவாதம். அது இருக்குமிடத்தைச் சொல்லாது. எவ்வளவு திரும்பினோம் என்று மட்டும் சொல்லும். அச்சில் உராய்வு இருந்தால் அதுவும் பிழையாகும். பிழை நேரத்தோடு வளரும்.

விமர்சகனிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான். எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அவன் சொல்ல வேண்டாம். இந்தக் கவிதையால் எவ்வளவு திரும்பினோம் என்று சொன்னால் போதும். அதற்குமுன் தன் குமிழிலிருக்கும் காற்றை அவன் வெளியேற்றியிருக்க வேண்டும்.