சோதியாது கூறிய தீர்ப்பு

பழி சுமத்துவது எளிது. காரணம் காண்பது அரிது. இவ்வுண்மையை நாம் வகுப்பறையிற் கற்றோமல்லோம். புதுச்சேரித் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு சிறு பட்டறையில், நின்றுபோன யந்திரமொன்றின் முன் தலைகுனிந்து நின்று கற்றோம்.

சென்ற கோடை விடுமுறையை நமது மாமாவின் பட்டறையிற் கழித்தோம். அங்குள்ள முக்கிய யந்திரம் ஒரு சி.என்.சி. லேத். பழைய லேத்தில் தொழிலாளி கையாற் செய்யும் வேலையை இதில் கணிப்பொறி கட்டளையிட்டு நடத்துகின்றது. உருக்குத் துண்டைச் சக்கிற் பற்றிச் சுழற்றுவது ஸ்பிண்டில். அதனைப் பெல்ட்டின் வழியே இயக்குவது ஸ்பிண்டில் மோட்டார். மோட்டாரின் வேகத்தை ஆள்வது டிரைவ் என்னும் மின்கருவி. இவற்றுள் எது பழுதுற்றாலும் கண்ணுக்குத் தெரிவது ஸ்பிண்டில் நின்றதொன்றே. குழப்பம் அங்கேதான் பிறக்கின்றது.

யந்திரம் காலையில் நன்றாக ஓடும். ஒரு மணி நேரத்திற்குள் மோட்டார் சூடேறியதென்று திரையில் அலாரம் தோன்ற, நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடும். மூன்று நாள் இவ்வாறு சென்றது. ஒப்புக்கொண்ட சரக்கை அனுப்புதற்கோ நான்கு நாளே எஞ்சியிருந்தன. பௌதிகம் பயில்கின்றோமென்னும் செருக்கினால் நாம் தீர்ப்பளித்தோம்: "பையன் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டுக் கொடுத்திருக்கிறான், மோட்டாரின் காயில் வெந்துவிட்டது." மாமா நமது படிப்பை நம்பினார். பயிற்சிக்கு வந்திருந்த பையனை மறுநாள் முதல் வரவேண்டாமென்றார். அவன் மறுமொழி கூறாது, கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான்.

மோட்டாருக்கு மீண்டும் காயில் கட்ட அனுப்புமுன் மாமா ஒரு பெரியவரை வரவழைத்தார். அவர், 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ரோடியர் மில்லில் பிட்டராக உழைத்தவர். பல கதிர்கள் ஒருங்கே சுழலும் இரைச்சலில் கெட்ட கதிரின் ஓசையைப் பிரித்தறிந்த செவியுடையவர்.

வந்தவர் ஸ்பானரைத் தொடவில்லை. "தம்பி, லோடு மீட்டர் எவ்வளவு காட்டிற்று?" என்று வினவினார். நாம் அதனைப் பார்க்கவேயில்லை! ஓட்டிப் பார்த்தபோது, வெட்டு நடக்கையிலும் முள் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. "பாரம் அளவுக்குள் இருக்கிறது, சூடு மட்டும் ஏறுகிறது. அப்படியானால், சூடு வெளியேற வழியில்லை என்பதுதானே பொருள்?" என்றவர், கூலன்ட் பம்பையும் அருகிலிருந்த துளைபோடும் யந்திரத்தையும் நிறுத்தச் செய்து, மோட்டாரின் பின்புறம் காதுகொடுத்தார். ஸ்பிண்டில் மெதுவாய்ச் சுழலுங்காலும் மோட்டார் குளிர வேண்டுமாதலால் அதற்குத் தனியே ஒரு மின்விசிறி உண்டு. அதன் ஓசை கேட்கவில்லை. மூடியைத் திறந்தோம். எண்ணெயும் இரும்புத்தூளும் களியாய்ப் படிந்து, விசிறி அசைவற்று நின்றது. காற்றுத் துளைகளும் அடைபட்டிருந்தன.

அத்துடன் அவர் அமையவில்லை. சூட்டினால் காயில் கெட்டதா என்றறிய வேண்டுமன்றோ? மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உடனே கை வைத்திலர். டிரைவின் கபாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சில நிமிடம் தங்கியிருக்கும். அது வடிந்ததை மீட்டரால் உறுதிசெய்துகொண்டு, மோட்டார்க் கம்பிகளை டிரைவினின்றும் பிரித்தார். பிரிக்காது மெக்கரை வைத்தால் டிரைவே பாழாகும். மூன்று பேஸ்களின் மின்தடையும் சமமாயிருந்தது. 500 வோல்ட் மெக்கர், காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 1 மெகா ஓமுக்கு வெகு மேலே காட்டிற்று. அதனினும் கீழிறங்கியிருப்பின் காப்பினை ஐயுறவேண்டும். கடற்காற்று வீசும் நம் ஊரில் ஈரத்தாலும் அது இறங்குவதுண்டு. இறுதியாகப் பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலையும் மோட்டாரையும் தனித்தனியே கையாற் சுழற்றினார். பேரிங்குகளில் கரகரப்பில்லை. மோட்டார் குற்றமற்றது, பையனும் குற்றமற்றவன்.

புதிய விசிறி பொருத்தியபின் யந்திரம் நாள் முழுதும் நில்லாது ஓடிற்று. அளவு கடந்து ஏறும் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்திற்கும் காயிற் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். இன்னுஞ் சில வாரம் அவ்வாறே ஓட்டியிருந்தால் நமது பொய்த் தீர்ப்பு மெய்யாகியிருக்கும். பையன்மீது சுமத்திய பழியும் அழியாது நிலைத்திருக்கும்.

அன்று மாலையே மாமாவும் நாமும் முத்தியால்பேட்டையில் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். மாமா வேலைக்கு வரும்படி அழைத்தார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவன் சற்றுத் தயங்கிப் பின் கூறினான்: "விசிறியின் சத்தம் குறைந்திருப்பதை நான் முன்பே கவனித்தேன், அண்ணா. சொன்னால், கெடுத்தது நீதான் என்பார்களோவென்று பயந்து இருந்துவிட்டேன்."

சகோதர மாணவர்களே! மூன்று நாளாய் நாம் தேடிய விடை அவன் வாயிலேயே இருந்தது. யந்திரத்தின் அருகே நாள் முழுதும் நிற்பவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கும். இவ்வாண்டு ஆய்வுக்கூடத்தில் ஏதேனும் கருவி பழுதுறின், "யார் கெடுத்தது?" என்று நாம் வினவுவதில்லை, "கடைசியாக என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள்?" என்றே வினவுகின்றோம்.