செம்மறிக்கு ஆகாத தாமிரம்

கம்பம் பள்ளத்தாக்கில் முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார் அந்த விவசாயி. கறவை மாடு ஒன்று, வெள்ளாடு மூன்று, செம்மறி பதினொன்று. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்காக, 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று போர்டோ கலவை அடித்துக்கொண்டே இருந்தார். பந்தலுக்கடியில் வளர்ந்த புல்லை வீணாக்குவானேன் என்று அறுத்து ஆடுகளுக்குப் போட்டார். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பிலும் தினம் ஒரு கை தவிட்டில் கலந்தார். ஆடுகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன.

ஒருநாள் செம்மறிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போனார். விலை படியவில்லை. பட்டினியோடு திரும்பின. மறுநாள் காலையில் ஒரு பெட்டை எழுந்திருக்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், மூத்திரம் கடுங்காப்பி நிறம். மனைவி கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார். காமாலை என்றால் கீழாநெல்லி என்பது ஊர் வழக்கம். இது அந்தக் காமாலை இல்லை. சாயங்காலமே செத்தது. அடுத்த நாள் இன்னொன்று.

"யாரோ மருந்து வச்சிட்டாங்க மாமா" என்றான் மைத்துனன். வரப்புத் தகராறில் இருந்த பக்கத்துத் தோட்டக்காரரை வேலியோரம் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார். அதே புல்லைத் தின்ற வெள்ளாடுகள் துள்ளிக்கொண்டிருந்ததால் தீவனத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

கால்நடை மருத்துவர் இரண்டாவது ஆட்டை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளாக, தொட்டால் உதிர்ந்தது. சிறுநீரகம் கருநீலம். "மாட்டுத் தாது உப்பு போட்டீங்களா ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வெள்ளாடும் மாடும் தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காது. பித்தநீர் வழியே அதை வெளியேற்றுவதில் செம்மறியின் ஈரல் மந்தம். வந்ததையெல்லாம் புரதத்தோடு கட்டிச் செல்லுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. இடம் நிரம்பிய பிறகு, கட்டுக்குள் அடங்காத தாமிரம் செல்லின் சவ்வை அரிக்கும். ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கும். அந்த நிலையில் பட்டினியோ பயணமோ சேர்ந்தால் ஈரல் செல்கள் கூட்டமாகச் செத்து, சேர்த்துவைத்த தாமிரம் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். சிவப்பணுக்கள் உடையும். அந்தச் சிவப்புதான் மூத்திரத்தில் வந்தது.

மீதிக்கு அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் மருத்துவர் அளந்து கொடுத்த கணக்கில் சில வாரம் கொடுத்தார்கள். வயிற்றிலேயே தாமிரத்தைப் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் மருந்து அது. அப்படியும் ஒன்று போனது, எட்டு தப்பின.

பந்தல் புல் இப்போது பந்தலுக்கே மூடாக்கு. செம்மறிக்குத் தனித் தீவனம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய்ப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னும் போகவில்லை.