தோலில் ஒரு பூங்கொடி

கல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சாந்திநிகேதன் தோல் பை வாங்காத வீடு அநேகமாக இருக்காது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது நாத்தனாருக்கு ஒன்று, பக்கத்து வீட்டு மாமிக்கு ஒன்று என்று நாலைந்து பெட்டியில் ஏறிவிடும். மெல்லிய ஆட்டுத்தோல், மேலே புடைப்பாகப் பூவும் கொடியும், சிவப்பும் பச்சையுமாக பாத்திக் வண்ணம். ரதீந்திரநாத் தாகூரும் அவர் மனைவி பிரதிமா தேவியும் அங்கே வளர்த்த கைத்தொழில். நானும் வருஷா வருஷம் வாங்கிக் கொடுத்தவள்தான். அந்தப் பூவை நாமே போட்டால் என்ன என்று தோன்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் கத்துக்குட்டிதான். ஆனால் இன்னொரு கத்துக்குட்டிக்குச் சொல்கிற அளவுக்கு நாலு விஷயம் சேர்ந்திருக்கு, அதான் இந்தக் கதை.

பூ டிசைன் தேட ஆரம்பித்தால் வந்து குவிவதெல்லாம் அமெரிக்கப் பூக்கள். குதிரைச் சேணத்தில் பூ வெட்டுவது அவர்களுக்குப் பழைய கலை. ஆல் ஸ்டோல்மன் என்பவர் எழுதி வரைந்த புத்தகங்கள்தான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதற்கப்புறம் 'ஷெரிடன்' பாணி. வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சேணம் செய்த டான் கிங் என்பவரின் கைவண்ணம் அது. சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொரு பூவையும் வட்டமாகச் சுற்றி வளைக்கும் தண்டு, இடைவெளியே தெரியாத நெருக்கம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. முதல் டிசைனாக அதை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்றால், சாந்திநிகேதன் பூ அழுத்தி எழுப்பிய பூ. இது வெட்டி எழுப்புவது. மூன்று மில்லிமீட்டர் தோலில், ஸ்விவல் கத்தி என்கிற, தலை சுழலும் சின்னக் கத்தியால் கோட்டை வெட்ட வேண்டும். ஆழம் தோலின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. பிறகு அந்த வெட்டின் ஒரு பக்கத்தை பெவலர் என்ற இரும்பு அச்சால் தட்டித் தட்டித் தாழ்த்தினால் மறுபக்கம் தானாக எழுந்து நிற்கும். எந்தப் பக்கத்தைத் தாழ்த்துகிறோமோ அது கீழே போன இதழ். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இங்கேதான் டிசைன் பொறுக்குகிற விஷயம் வருகிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் டிசைனைப் பாதியாகச் சுருக்கித் தருவார்கள். நம் கையில் இருக்கும் அச்சு சுருங்காதே! பூவுக்கும் இலைக்கும் நடுவே அச்சு உட்கார இடமில்லை என்றால் அந்த டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாது. நான் செய்வது இதுதான். டிசைனை அசல் அளவில் காகிதத்தில் எடுத்து, வாங்கி வைத்திருக்கும் அச்சுகளின் முனையை மையில் தொட்டு அந்த இடுக்குகளில் வைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் சரி. இல்லையென்றால் அடுத்தது. ஒரே பெரிய பூ, ஐந்து இதழ், மூன்று இலை, அவ்வளவு போதும். ஆரம்பக்காரர் பெட்டியில் வழக்கமாக ஏழு அச்சு இருக்கும். அந்த ஏழுக்கும் வேலை கொடுக்கிற பூவாக இருக்க வேண்டும், எட்டாவதைக் கேட்கிற பூவாக இருக்கக் கூடாது.

தோலில் ஏற்றுவதற்கு டிரேசிங் பேப்பர் வேண்டாம், ஈரத்தில் நைந்துவிடும். ஓ.எச்.பி. ஷீட்டில் வரைந்து, தோல் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின் மேலே அழுத்தினால் தடம் விழும். தோலை முதலில் ஸ்பாஞ்சால் நனைத்து, நிறம் பழையபடி வெளுக்கிற வரை பொறுக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியணும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் சப்பாத்தி மாவு மாதிரி, சொல்லித் தெரியாது. கல்லுக்கு, கிச்சன் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு. தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் கூடாது, அச்சின் தலை நசுங்கும்.

எந்தத் தோல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் மெத்துமெத்தென்ற தோலில் பெரும்பாலானது குரோமியம் உப்பில் பதனிட்டது. (சென்னை குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான்.) அதில் அச்சு நிற்காது, தட்டினால் எழும்பிவிடும். மரப்பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கிறதா, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் 'ஈ.ஐ.' தோல் நம்ம ஊர்ச் சொத்து. வாணியம்பாடி, ஆம்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. சாந்திநிகேதன் பையின் ஆட்டுத்தோலும் இந்த ஜாதிதான். வெட்டு வேலைக்கு அந்த ஆட்டுத்தோல் மெல்லிசு, சேணத்துக்கு உள்ள தடித்த தோல் தேவை. கான்பூர் பக்கம் கிடைக்கும்.

ஜாதி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மாமியார் போன வருஷம் வந்து மூன்று மாசம் இருந்தார். நான் தட்டுவதை இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள், "ஏம்மா, பேங்குல ஆபீசரா இருக்கே. இதையெல்லாம் நீ எதுக்குத் தொடணும்? வேணும்னா கடையில வாங்கிக்கலாமே" என்றார்.

"அத்தை, நீங்க தினமும் கேக்கற கச்சேரியில மிருதங்கம் வாசிக்கிறாங்களே, அதுல பசு, எருமை, ஆடு மூணு தோலும் இருக்கு."

"வாசிக்கிறது வேற, செய்யறது வேற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உலக நியாயம் மாதிரி சாதாரணமாகச் சொன்னார், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த மிருதங்கத்தைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. சேணம் செய்த டான் கிங்குக்கு 1991-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது கிடைத்தது. நம்ம பக்கத்தில் அதே கைவேலை தெரிந்தவருக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு தெருவும், வசவாகிப் போன ஒரு ஜாதிப் பெயரும். எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை ஆசை. அலுத்தால் கழுவிவிட்டுப் போகலாம். அந்த வசதி அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதை ஒவ்வொரு முறை கத்தியைத் தீட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன். தீட்டச் சொல்லிக் கொடுத்தவரே எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பீகார்க்காரப் பெரியவர்தான். பத்து வெட்டுக்கு ஒரு தீட்டு, அவர் கணக்கு.

இப்போது சொந்தமாக வரையப் பார்க்கிறேன். ஷெரிடன் பாணியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பூவை இல்லை, வட்டத்தை. என் வளையல் ஒன்று, மகளின் வளையல் ஒன்று, ஒரு ரூபாய்க் காசு. வளையலை வைத்து வட்டம் போட்டு, நடுவில் காசளவு பூ. வட்டத்தின் மேலேயே தண்டு ஓட வேண்டும். அடுத்த வட்டத்தின் தண்டு முதல் தண்டை உரசிக்கொண்டு பிரிய வேண்டும், குத்திக்கொண்டு கிளம்பக் கூடாது. பெங்காலி வீடுகளில் லட்சுமி பூஜைக்குப் போடும் ஆல்பனாவில் கொடி பிரிவதைக் கவனித்துப் பாருங்கள், அதே உரசல்தான். பூவுக்கு மட்டும் செம்பருத்தி. ஐந்து இதழ், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், பெவலருக்கென்றே பிறந்த மாதிரி. நடுத்தண்டின் நுனிக்கு சீடர் என்ற புள்ளி அச்சு.

மேசையில் இருப்பது பெல்ட். முதலில் ஓரக்கோடு, அப்புறம் பூக்கள், அப்புறம் இலை, கடைசியில் தண்டு என்று வெட்டி முடித்தாச்சு. தட்ட இன்னும் இரண்டு ஞாயிறு பிடிக்கும். மழைக்காலத்தில் நனைந்த தோலை பிளாஸ்டிக்கில் சுற்றி நாலு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்பார்கள். இந்த மாசம் அத்தை மறுபடி வருகிறார், தயிருக்குப் பக்கத்தில் அது நடக்காது :-) ஒவ்வொரு வாரமும் முழுக்கக் காயவிட்டு மறுபடி நனைத்துக்கொள்கிறேன்.