தைத்த புத்தகம்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைத் திரும்பத் திரும்பப் படித்ததில் என் பிரதியின் முதுகு வெடித்து, நடுவில் ஒரு கொத்துத் தாள் கழன்றுவிட்டது. 1972இல் முதலில் வந்த நாவல் அது. பிறகு பல பதிப்பகங்கள் வெளியிட்டுவிட்டன. கெட்டி அட்டையில், ஆயுசுக்கும் நிற்கிற மாதிரி ஒரு பிரதி வேண்டும் என்று மதுரையிலேயே தேடத் தொடங்கினேன். சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியா போய்த் திரும்பி, 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தபடி மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாளாக வாழ்ந்து, 1997இல் மறைந்தவர் சிங்காரம். அவர் புழங்கிய ஊரிலேயே அவருடைய புத்தகத்துக்கு நல்ல கட்டு தேடுவதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர்தான் வழிகாட்டினார். "அட்டை கெட்டியா இருந்தா போதுமா சார்? உள்ளே தைச்சிருக்கானா, ஒட்டியிருக்கானான்னு பாருங்க. மாசி வீதிப் பக்கம் பைண்டிங் கடை இருக்கு, அங்கே போங்க, காட்டுவாங்க" என்றார்.

சந்துக்குள் ஒரு நீள அறை. வாசலோரம் திருகு பிரஸ்ஸில் பேரேடுகள் இறுகிக் கிடந்தன. உள்ளே பாய் விரித்து மூன்று பெண்கள் பாரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தாளில் முன்னே எட்டு, பின்னே எட்டு என்று பக்கங்கள் அச்சாகி வரும். அதை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம் வரிசையாக நிற்கும். அதுதான் ஒரு பாரம். மடிப்பை அழுத்தும்போது ஓரம் ஒரு மயிரிழை பிசகினாலும் கடைசியில் வெட்டும்போது ஓரவெளி கோணலாகிவிடும். பெரிய அச்சகங்களில் மடிப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது. இங்கே வருவது குறைந்த பிரதி வேலைதான், அதனால் கைதான். கூலி எண்ணிக்கைக் கணக்கு. "பேசிக்கிட்டே மடிப்போம், பேச்சு நின்னாத்தான் தப்பு வரும்" என்றார் மூத்த அக்கா.

பைண்டிங் கடைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் நீட்டிய கெட்டி அட்டை நாவல் ஒன்றை வாங்கி, மேற்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தா பாருங்க தம்பி, எல்லாம் தனித்தனித் தாளா நிக்குது. மடிப்பே இல்லை." உண்மைதான். பாரங்களை அடுக்கி, முதுகுப் பக்க மடிப்பை இயந்திரத்தில் சீவி எறிந்துவிட்டு, சூடான பசையை இழுத்து ஒட்டுகிற முறைக்குப் பர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர். அந்தக் கட்டின் மேல் கெட்டி அட்டையைப் போர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பசை சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்தால் இளகும். வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும். அதற்குப் பிறகு அட்டை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. சொல்லப்போனால் கனத்த அட்டை, திறக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைப் பசைக் கோட்டைத்தான் இழுக்கிறது.

பிறகு தைத்த புத்தகம் ஒன்றை எடுத்தார். முதுகின் உச்சியில் சின்னச் சின்ன மடிப்புக் கொத்துகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு பாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் மடிப்புக்குள் நூல் ஓடுகிறது. ஒவ்வொரு பாரமும் அடுத்ததோடு நூலால் பிணைந்திருப்பதால், புத்தகம் மேசைமேல் முழுசாக மலர்ந்து கிடக்கிறது. எந்தத் தாளும் பசையை மட்டும் நம்பி நிற்கவில்லை. மேல்அட்டையின் முதுகு, திறந்ததும் தாள்முதுகை விட்டு வளையம்போல் விலகி நின்றது. அப்படி விலகினால்தான் அட்டையின் முதுகு மடிந்து ஒடியாது.

தாளுக்கும் நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு என்று அவர் காட்டியதை இதுவரை எந்தப் புத்தக விழாவிலும் நான் கேட்டதில்லை. ஒரு துண்டை நனைத்தார். அது ஒரு பக்கமாகச் சுருண்டது. சுருளின் நீளவாக்குதான் நாரின் திசை. அது முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் மெத்தென்று விழும். குறுக்கே இருந்தால் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் அட்டையை ஒட்டிய தாள் சுருக்கம் விழும்.

பசை அங்கேயே காய்ச்சுகிறார்கள். மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம். மாவுக்கு ராமபாணப் பூச்சி வரும், துத்தம் அதைத் தடுக்கும். துத்தம் விஷம் என்பதால் கையைக் கழுவாமல் யாரும் டீக்குப் போவதில்லை. முதுகுக்கு ஃபெவிகால் போடுவதும் உண்டு. ஆனால் மைதாப் பசை ஈரம் பட்டால் விட்டுக்கொடுக்கும், இன்னொரு தலைமுறை பைண்டர் புத்தகத்தைக் கிழிக்காமல் பிரித்து மறுபடி தைக்கலாம். எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும், மைதாதான் என்று சொல்வேன்.

பைண்டிங் கடைக்காரருடைய அப்பா காலத்தில் வீடுகளிலிருந்து வந்த வேலையே வேறு. 1950இலிருந்து 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை, மணியம் ஓவியங்களோடு வாரம் தவறாமல் பிரித்தெடுத்துச் சேர்த்துக் கட்டிக் கேட்டார்கள். அந்தக் கட்டுகள் இப்போது பேரப்பிள்ளைகள் கையில் திரும்பி வருகின்றன. நூல் அப்படியே இருக்கிறதாம். தாள்தான் பழுத்து நொறுங்குகிறது. அப்படிப்பட்ட தாளில் நூலை இறுக்கினால் அறுத்துவிடும். முதலில் மடிப்புக்கு மெல்லிய தாள் ஒட்டி வலுவூட்டிவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறார்கள்.

பேரேடு வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. கல்லூரி ஆய்வேடுகளும் நூலக வேலையும் கொஞ்சம் ஓடுகின்றன. கடையின் இளைஞர்கள் இருவரில் ஒருவர் டெலிவரி வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். சும்மா சொல்லவில்லை, கூலி அப்படி.

என் பிரதியில் மடிப்பு ஏற்கெனவே சீவப்பட்டது, ஆகையால் பாரத்தையல் முடியாது. இரண்டு வழி இருந்தது. ஓரத்தில் ஓட்டை போட்டுக் குத்துத் தையல் போடலாம். அது உள்ஓரத்தைத் தின்றுவிடும், எழுத்து மடிப்புக்குள் போய்விடும். மற்றது, முதுகில் ரம்பத்தால் கோடு கீறி, நூல் பதித்து ஒட்டுவது. இரண்டாவதைக் கேட்டேன். காலிகோ துணி, புது அட்டை, இரவு முழுக்கப் பிரஸ். கூலி, புத்தக விலையை ஒட்டி வந்தது. கொடுத்த காசுக்கு வேலை பெரிது. ஆனாலும் பாரம் பாரமாகத் தைத்த பிரதிக்கு அது ஈடாகாது. அவரே அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

நமக்குப் பிடித்த நாவலுக்குக் கெட்டி அட்டை என்று கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாம், தைத்திருந்தால். அடுத்த புத்தக விழாவில் அரங்கில் நிற்கிறவரிடம் இதை ஒரு கேள்வியாகவே கேளுங்கள்: "இது தைத்ததா, ஒட்டியதா?" பதிப்பகங்களும் விலை போடுகிற பக்கத்தில் இதை ஒரு வரியாக அச்சிட வேண்டும். வீட்டில் முதுகு பிளந்த புத்தகம் இருந்தால் பழைய பேப்பருக்குப் போடாமல், உங்கள் ஊர் பைண்டரிடம் கொண்டு போங்கள்.