கணக்கில் வராதவர்கள்

1974 மார்ச் 26. இமயமலைச் சரிவிலுள்ள ரேணி என்னும் சிற்றூரில் அன்று ஆண்கள் இல்லை. இராணுவத்திற்காக முன்பு எடுத்துக்கொள்ளப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு தரப்படுவதாகச் சொல்லி, அவர்கள் சமோலிக்கு அழைக்கப்பட்டிருந்தனர். மரம் வெட்டுவோர் காட்டினுள் நுழைவதற்குத் தேர்ந்துகொண்ட நாளும் அதுவே. ஊரில் இருப்பவர்கள் பெண்கள்தாமே என்று எண்ணினர் போலும்!

கோடரிகளுடன் சென்றோரைக் கண்ட ஒரு சிறுமி, கௌரா தேவியிடம் ஓடிச் சென்று சொன்னாள். அவர் இளமையிலேயே கணவரை இழந்தவர், பள்ளிக்குச் சென்றறியாதவர். இருபத்தேழு பெண்களை அழைத்துக்கொண்டு அவர் காட்டுக்கு விரைந்தார். துப்பாக்கி காட்டப்பட்டபோதும் அவர்கள் விலகவில்லை. காட்டைத் தம் தாய்வீடு என்றார் கௌரா தேவி. பெண்கள் இரவெல்லாம் காவல் காத்தனர். வந்தவர்கள் வெட்டாமலே திரும்பினர்.

'சிப்கோ' என்னும் அவ்வியக்கம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. ஏர் செய்ய ஊரார் கேட்டபோது மறுக்கப்பட்ட மரங்கள், விளையாட்டுக் கருவி செய்யும் நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டன. எங்கள் மரம் எங்களுக்கே என்பது அன்றைய கோரிக்கை, நியாயமான கோரிக்கைதான். ஆனால் விறகும் தழையும் தண்ணீரும் சுமந்த பெண்களுக்கோ, மரம் எவர்க்கும் வெட்டப்படாமல் நிற்பதே தேவையாயிற்று. போராட வந்தவர்கள் மாறியதும் போராட்டத்தின் பொருளும் மாறியது.

இவ்வேறுபாடு 1980இல் டுங்ரி-பைந்தோலி என்னும் ஊரில் வெளிப்படையாயிற்று. சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் ஆகியவை கிடைக்கும் என்பதால் ஓக் மரக்காட்டை விட்டுக்கொடுக்க ஊரவையின் ஆண்கள் இசைந்தனர். பெண்கள் இசையவில்லை. இம்முறை அவர்கள் எதிர்த்து நின்றது அயலாரை மட்டுமன்று, தம் வீட்டாரையும்தான். காட்டைக் காத்தபின், ஊரவையில் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று கேட்டனர்.

அம்மலைப்பகுதி இன்று உத்தராகண்ட் மாநிலம். 2013இல் கேதார்நாத் வெள்ளம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அம்மாநிலத்தைச் சேர்ந்த ரிதிமா பாண்டே, 2017இல் தம் ஒன்பதாம் வயதில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்தார். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அவரது முறையீடு. கட்டியணைக்க அங்கே மரம் ஏதும் இல்லை; எதிர்க்க வேண்டியது கண்ணுக்குப் புலப்படாத புகை. மனு 2019இல் தள்ளுபடி செய்யப்பட்டது. அதே ஆண்டு, பல நாடுகளைச் சேர்ந்த பதினைந்து இளையோருடன் சேர்ந்து ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தைகள் உரிமைக் குழுவிடம் அவர் முறையிட்டார். அப்போதும் அவருக்கு வாக்களிக்கும் வயது வந்திருக்கவில்லை.