மாட்டுற இடம்

தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். பார்க்க அவ்வளவுதான். எடை கூடக் கூட வழியில் ஓர் இடம் வரும். எனக்கு அது முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி வருகிறது. கம்பி தரையைவிட்டுக் கிளம்பிவிடும். அங்கே வந்ததும் நின்றுவிடும். மேலே போகாது, கீழே போடவும் மனசு வராது. இரண்டு மூன்று விநாடிதான், ஆனால் அது தனியாக ஒரு பொழுது. ஸ்டிக்கிங் பாயிண்ட் என்பது புத்தகப் பெயர். எங்கள் ஜிம்மில் சொல்லித்தரும் பெருங்களத்தூர்ப் பெண் "மாட்டுற இடம்" என்கிறாள்.

ஏன் அங்கே மாட்டுகிறது? கிளம்பும்போது கால் கொடுத்த வேகம் அங்கே தீர்ந்துபோகிறது. இடுப்போ இன்னும் பின்னாலேயே இருக்கிறது. கம்பிக்கும் இடுப்பு மூட்டுக்கும் இடையே கிடைமட்டத் தூரம் எவ்வளவு நீள்கிறதோ, அதே கிலோ அவ்வளவு கனக்கும். கம்பி உடம்பைவிட்டு ஓர் அங்குலம் முன்னால் விலகினாலே போதும், கதை முடிந்தது. குடத்தை இடுப்போடு ஒட்டித் தூக்குகிற எந்தப் பெண்ணுக்கும் இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

தாண்டுவதற்கு வழி இருக்கிறது. எடையைக் குறைத்துக்கொண்டு, மாட்டுகிற இடத்திலேயே வேண்டுமென்றே இரண்டு விநாடி நிறுத்திப் பிறகு நிமிர்வது ஒன்று. கம்பியைக் கட்டைமேல் ஏற்றிவைத்து, அந்த உயரத்திலிருந்தே தூக்கிப் பழகி, வாரம் போகப் போகக் கட்டையைத் தாழ்த்துவது இன்னொன்று. இன்னொரு விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்குக் கனமான எடை தூக்கும்போது சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். மூச்சை முழுக்க அடக்காமல் மாட்டும் இடத்தில் மெல்ல விட்டால் சிலருக்குக் குறைகிறது. இதற்கென்றே பிசியோதெரபியும் உண்டு. எனக்கு இதைச் சொன்னதும் அந்தப் பெருங்களத்தூர்ப் பெண்தான்.

அவளுக்கு முன்னால் நான் போன இடத்தில் டிரெட்மில்லையும் இளஞ்சிவப்பு டம்பெல்லையும் காட்டி, "வெயிட்டெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்" என்றார்கள். போட்டிகளில் பெண்களுக்கென்று 15 கிலோ கம்பி இருக்கிறது, ஆண்களுடையது 20. பிடி சிறிய கைகளுக்கு ஏற்றபடி பெண்களுடைய கம்பி மெல்லிசாகவும் இருக்கும். தாம்பரத்தில் நான் ஏறி இறங்கிய ஜிம் எதிலும் அதைப் பார்த்ததில்லை. ஒலிம்பிக்ஸே 1896இல் ஆண்களுக்குக் கொடுத்த பளுதூக்குதலைப் பெண்களுக்கு 2000இல்தான் கொடுத்தது. அந்த சிட்னி மேடையில் 110, பிறகு 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார் கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். கடைசி வாய்ப்பில் 137.5 கேட்டார், வரவில்லை. 130ஐ வைத்துக்கொண்டு திருப்தியாக இறங்காமல் 137.5 கேட்டதுதான் எனக்குப் பதக்கத்தைவிடப் பிடித்தது.

காலையில் ஜிம்மிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. கலவை நிரம்பிய பாண்டைப் பெண்கள் சுமக்கிறார்கள். தலையில் சும்மாடு. தரையிலிருந்து இடுப்புவரை அவளே தூக்குகிறாள். இடுப்பிலிருந்து தலைக்கு ஏறும்போது எதிரே இன்னொருத்தி கைகொடுக்கிறாள். மாட்டுற இடத்தில் சரியாக ஒரு கை. நாள் முழுக்க இதைச் செய்கிறவளுக்குப் பெயர் சித்தாள், சின்ன ஆள். பெரியாள் என்றால் ஆண், கூலியும் பெரிது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. நான் மாதம் ஆயிரத்தைந்நூறு கட்டிச் சுமக்கிறேன், அவர்கள் குறைந்த கூலிக்குச் சுமக்கிறார்கள் என்பதும் எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் என் கம்பி யார் வீட்டுச் சுவரும் ஆவதில்லை. தூக்குவதும் திரும்பத் தரையில் வைப்பதும் எனக்காக மட்டும். வீட்டில் தண்ணீர் கேனையும் அரிசி மூட்டையையும் தூக்கும்போது கிடைக்காத சுகம் அதில் இருக்கிறது.

கைகொடுக்க ஆளில்லாதவர்களுக்காகத்தான் நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது. தலைச்சுமையைக் குனியாமல் அதில் இறக்கி, ஆறி, மறுபடி ஒற்றையாளாக ஏற்றிக்கொள்ளலாம். சுமை தரைவரை போகாததால் மாட்டுற இடமே வராது. அந்தக் கற்களைப் பெரும்பாலும் யார் நினைவாக வைத்தார்கள் தெரியுமா? பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோன பெண்களின் நினைவாக. இறக்கிவைக்க முடியாமல் போனவள் பெயரால் மற்றவர்கள் இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். பேறுகாலத்தில் அவளுக்கு ஒரு கை கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் நான் யோசித்தது அம்மாவால். அம்மாவுக்கு 71. நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு சாண் உயர்ந்ததும் நிற்பாள், பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். கைபிடித்துத் தூக்கிவிட வேண்டும். நான் கிண்டியில் ஆபீசில் இருக்கும் பகல் முழுக்க, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள் என்பது சிறுநீர்த்தொற்று வந்து டாக்டர் கேட்டபோதுதான் தெரிந்தது. "பாத்ரூம் போயிட்டு எந்திரிக்க முடியலன்னா யாரடி கூப்புடுறது?" என்றாள்.

ஸ்குவாட்டில் எல்லோரும் மாட்டும் இடமும் ஏறக்குறைய அதுதான், தொடை படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியதும். கட்டை வைக்கிற அதே உத்தியைச் செய்தோம். நாற்காலிமேல் இரண்டு தலையணை. அந்த உயரத்திலிருந்து அவளால் எழ முடிந்தது. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. ஐந்தாவது வாரம் ஒரு தலையணையை எடுத்தோம். முதல் நாள் மாட்டியது. "அங்கயே நில்லும்மா, மூச்ச விடு" என்றேன். தொடை நடுங்க நின்றாள், எழுந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெறும் நாற்காலி. பத்து தடவை முடித்துவிட்டு, "நீ இன்னைக்கு எத்தன கிலோ?" என்று கேட்டாள். எழுபத்திரண்டரை என்றேன். "நான் அம்பத்தெட்டு. என்னையே தூக்கியிருக்கேன்" என்றாள்.

கழிப்பறை இருக்கை நாற்காலியைவிடத் தாழ்வு. அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பகலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள்.