காதில் மாட்டியிருப்பது பாட்டுக் கேட்க அல்ல



வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அந்தப் பையன் காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டே சாமி கும்பிடறானே, பாட்டா கேக்கறான்?" அவன் எங்கள் பேரன். வயது ஆறு. அவன் மாட்டியிருப்பது சத்தத்தைக் குறைக்கிற காதுமூடி. ஃபேக்டரியில் பிரெஸ் மெஷின் பக்கம் நிற்கிற ஆளுங்க போடுவாங்களே, அதே சாமான், சின்ன சைஸ். ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மகனும் மருமகளும் சரி என்ற பிறகுதான் எழுதுகிறோம். பேர் போடவில்லை, படமும் போடவில்லை. பெரியவன் ஆனதும் அவன் கதையை அவனே சொல்லட்டும்.

பேரனுக்கு ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எங்க வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வது இல்லை. அவன் மதியில் ஒரு இறுக்கத்தையும் நாங்க பார்க்கலை.

18 மாதத்தில் ஊசி போடப் போனபோது அரசாங்க கிளினிக்கில் தாதி ஒரு தாளை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேள்வி கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? பிடித்த பொருளை எடுத்து வந்து உங்களிடம் காட்டுகிறானா? எம்-சாட் என்று அதற்குப் பெயர். பல கேள்விகளுக்கு "இல்லை" என்றுதான் பதில். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். தவணை கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. மூன்று வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சில மாதங்களில் உறவுக்காரர்கள் பேசியதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்றவர்கள் நல்ல மனதோடு சொன்னவர்கள், அவர்களை விட்டுவிடலாம். "கைப்பேசியைக் குடுத்துப் பழக்கிட்டா", "அம்மாக்காரி வேலைக்குப் போனா பிள்ளை எப்படிப் பேசும்" என்று சொன்னதுதான் வலித்தது. எல்லாம் மருமகள் தலையில். அவள் முதலில் சாப்பாட்டைக் குறைத்தாள், அப்புறம் பேச்சைக் குறைத்தாள், கடைசியில் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினாள். வேலையை விடக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தாள்.

இந்தப் பழி பழைய பழி. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்கிற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் என்ற நிலை வெளியே தெரிய வந்தது. அதற்குப் பிறகு பல வருசம் படித்தவர்களே 'தாய் பாசம் இல்லாமல் வளர்த்ததால் வந்தது' என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைப் புத்தகமாகவே போட்டார். அதற்கு மூன்று வருசம் முன்னாலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் என்கிற உளவியல்காரர், தானும் இப்படி ஒரு பிள்ளைக்குத் தகப்பன், இது வளர்ப்பால் வருவது இல்லை, மூளையின் அமைப்பு சம்பந்தப்பட்டது என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தார். பெரிய பெரிய டாக்டருங்களே தாயைக் குறை சொன்ன இடத்தில், ஸ்கூடாயில் இருக்கிற சித்தியும் பெரியம்மாவும் சொன்னதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு. தடுப்பூசியால் வந்தது என்றும் புலனத்தில் சிலர் அனுப்பினார்கள். அப்படி எழுதிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தயவுசெய்து இனிமேல் அதை யாருக்கும் அனுப்பாதீங்க.

டாக்டர் இரண்டு தெரபிக்கு எழுதினார். ஒன்று பேச்சுக்கு. இன்னொன்று ஆக்குபேஷனல் தெரபி, மலாயில் சாரா கெர்ஜா. அந்த அறையின் பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் சம்பந்தி கேட்டார், "மூணு வயசுப் பிள்ளைக்கு என்னங்க கெர்ஜா?" அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: சாப்பிடறது, பல் விளக்கறது, சட்டை போடறது, விளையாடறது, இதெல்லாம்தான் அவன் வேலை.

வாரத்தில் 168 மணி நேரம். அதில் தெரபி ஒரு மணி நேரம், அதுவும் கிடைக்கிற வாரத்தில். மீதி 167 மணி நேரமும் அவன் நம்மோடுதான் இருக்கிறான். அதனால் அந்தப் பெண் முதல் சில தவணைகளில் அவனைவிட எங்களைத்தான் அதிகம் கவனித்தார். நாங்க அவனோடு விளையாடுவதைக் கைப்பேசியில் படம் எடுத்து, எங்களுக்கே போட்டுக் காட்டினார். இதோ இங்க அவன் உங்களைப் பார்த்தான், நீங்க கொஞ்சம் காத்திருந்தீங்க, அவனே பொம்மையை நீட்டினான், பாருங்க என்பார்.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை இல்லை. இதே மாதிரி ஒரு முறையைக் கோவாவிலும் பாகிஸ்தான் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், 2016இல் முடிவு வந்தது. அங்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். ஆறு மாதத்தில் 12 சந்திப்பு. பெற்றோர் பிள்ளையின் போக்கைப் பார்த்துப் பதில் கொடுப்பது கூடியது, பிள்ளைகள் தாங்களாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. பணக்காரர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்து ஒரு கணக்கு எழுதச் சொன்னார்கள். அவன் தரையில் விழுந்து கத்தும்போதெல்லாம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது என்று குறிக்க வேண்டும். எங்களுக்கு இது புதுசு இல்லை. ஃபேக்டரியில் மெஷின் நின்றால் டவுன்டைம் ஷீட்டில் எழுதுவோம். அலாரம் அடிக்கிற மெஷினை யாரும் திட்டுவது கிடையாது, எந்த அலாரம் என்றுதான் பார்ப்போம். அதே மாதிரி ஒரு தாளை அடித்து ஐஸ்பெட்டியில் ஒட்டினோம். மூன்று வாரத்தில் 19 தடவை. எண்ணிப் பார்த்தால் சத்தத்தால் வந்தது நாலுதான், குக்கர் விசில், பேரங்காடிக் கழிவறையில் கை காய வைக்கிற மெஷின், அந்த மாதிரி. 11 தடவை, முன்னாலேயே சொல்லாமல் ஏதோ ஒன்று மாறியிருந்தது. கடைக்குப் போறோம் என்று சொல்லிவிட்டு வழியில் எண்ணெய் போடத் திரும்பியது. துவாஸ் பாலத்தில் ஜாம், அப்பா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. இதெல்லாம் நமக்குச் சின்ன விசயம். அவனுக்கு அப்படி இல்லை.

அதற்குப் பிறகுதான் படங்கள் வந்தன. 'முதல்ல இது, பிறகு இது' என்று இரண்டு படம் ஒட்டுகிற சின்ன அட்டை. வேண்டியதைக் கேட்க அவன் எடுத்து நீட்டுகிற படங்கள் தனி. இந்தப் படம் கொடுக்கிற முறையை அமெரிக்காவில் 1985இல் தொடங்கினார்கள். பிள்ளை படத்தை ஒரு ஆளின் கையில் கொடுக்க வேண்டும், உடனே கேட்டது கிடைக்க வேண்டும். கேட்பது என்றால் ஒரு மனுசரிடம் கேட்பது என்று பிள்ளைக்கு அப்படித்தான் பிடிபடும். படம் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்று மகனுக்குப் பயம் இருந்தது. ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை என்று பேச்சுத் தெரபி செய்கிறவர் சொன்னார். எங்க லைனில் நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார் ஆளுங்க வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு மேசைக்கு மேலும் எப்படிச் செய்ய வேண்டும் என்று படம் தொங்கும். படம் பார்த்து வேலை செய்கிறவனை அங்கே யாரும் மக்கு என்று சொன்னது இல்லை.

மொழி விசயம் ஒன்று. "அவனுக்குக் குழப்பம், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று வெளியே ஒருத்தர் அறிவுரை சொன்னார். நல்ல வேளை, தெரபி செய்கிறவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மொழி கேட்பதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆராய்ச்சியில் தெரியவில்லை, நீங்க மனசாரப் பேசுகிற மொழியிலேயே பேசுங்க என்றார். அவரும் எங்களிடம் கேட்டு 'தா', 'இன்னும்', 'போதும்' மூன்றையும் தமிழில் கற்றுக்கொண்டார். அவர் வாயில் 'போதும்' வரும்போது கொஞ்சம் 'போட்டும்' மாதிரிதான் இருக்கும். பேரனும் முதலில் அப்படியே சொன்னான்.

அவன் ஐந்து வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, மருமகள் ரொம்ப நாளைக்குப் பிறகு அவனோடு கோயிலுக்கு வந்தாள். தீபாராதனை, மேளம், மணி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நேரம். காதுமூடி இருந்தும் அவன் முகம் மாறியது. நாங்க இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடத் தயாராக நின்றோம். அவன் இடுப்புப் பையில் துழாவி 'போதும்' படத்தை எடுத்து அம்மா கையில் வைத்தான். அவ்வளவுதான். கத்தவில்லை, விழவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு செருப்பு வைக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். மருமகள் அங்கே உட்கார்ந்து அழுதாள். பார்த்தவர்கள் ஏதோ கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் வேலையை விடவில்லை. அந்தக் கடிதம் எங்கே போனது என்று நாங்க கேட்கவும் இல்லை. வீட்டில் எல்லாரும் ராத்திரி தூங்குகிறோம். பேத்திக்கு ஒன்பது வயது, தம்பிக்காகவே எல்லா நேரமும் போகிறது என்று அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்கு மட்டும், அம்மாவோடு பசார் மாலாம் போகிறாள். அதுவும் தெரபியில் சொன்னதுதான்.

குணமாகிவிட்டானா என்று கேட்கிறார்கள். இது நோய் இல்லை, குணமாக்குகிறோம் என்று மாத்திரை, பவுடர் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்க. வேண்டுதல் வைத்தோமா என்றும் கேட்கிறார்கள். வைத்தோம், இன்னும் வைக்கிறோம். பால்குடமும் எடுத்தோம். தவணை தேதியையும் தவறவிட்டது இல்லை.

செலவு உண்டு. தனியாரில் ஒரு தவணைக்கு நூறு வெள்ளிக்கு மேல் போகிறது. 18 வயது வரை இருக்கிற பிள்ளையின் பரிசோதனைக்கும் தெரபிக்கும் வரிக்கழிவு உண்டு, 2025ஆம் ஆண்டு வரிக்கணக்கில் அது 6,000 வெள்ளி வரை இருந்தது, ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. எங்க மகன் சிங்கப்பூரில் வேலை, அதனால் மருமகள் கணக்கில் காட்டினோம். சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடுமே என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. அந்த அட்டையை யாரும் நெற்றியில் ஒட்டப்போவது இல்லை, பையில்தான் இருக்கும். பிடிகே நிலையங்களை விசாரியுங்கள், 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. நாசோம் என்கிற ஆட்டிசம் சங்கத்துக்கு ஜொகூர் பாருவில் நிலையம் உண்டு. பெற்றோரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது.

தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருநீற்றை அவன் நெற்றியில் நீங்களாகப் பூசாதீங்க, உள்ளங்கையில் கொடுங்கள், அவனே பூசிக்கொள்வான். பந்தியில் வெள்ளைச் சோறும் அப்பளமும் போதும், சாம்பார் ஊற்றிவிட்டால் அந்த இலையைத் தொடமாட்டான். அன்னதானத்து அன்றைக்கு அரிசி மூட்டை வண்டியைத் தள்ள அவனைக் கூப்பிடுங்க. கனமானதைத் தள்ளினால் அவன் உடம்பு அடங்கும், சாரா கெர்ஜாவில் கண்டுபிடித்தது. நல்லாவும் தள்ளுவான்.

அடுத்த வருசம் முதலாம் ஆண்டு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் வந்துவிட்டது. ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை, மலாய்ப் பள்ளியில் இருக்கிறது. மருமகள் வகுப்புதான் முக்கியம் என்கிறாள். எங்களுக்கு அவன் தமிழ்ப்பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆசை. வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஜொகூர் பாரு வட்டாரத்தில் இந்த வகுப்பு இருக்கிற தமிழ்ப்பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் எத்தனை பேர், வேன் கிடைக்கிறதா, கீழே எழுதுங்க. பொதுவில் எழுத விருப்பம் இல்லாதவர்கள் சனிக்கிழமை காலை மடப்பள்ளிப் பக்கம் வாங்க, காய் வெட்டிக்கொண்டு இருப்போம், பேசலாம்.